இந்த லிஃப்ட் எங்களுடையது அல்ல

1

ஒளிக்க ஒன்றுமில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாக வரவில்லை, கேட்டு வாங்கினார்கள். லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றிலிருந்து ஒருவர் போன் செய்து, "மேடம், எங்க பிராண்டைப் பத்தி ஒரு கதை எழுதித் தரணும்" என்றார். பிராண்டுக்கு விளம்பரம் எழுதலாம், கதை எப்படி எழுதுவது என்று கேட்டேன். "அதான் மேடம், விளம்பரம் மாதிரியே தெரியாத விளம்பரம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அப்போதே போனை வைத்திருக்க வேண்டும். வைக்காததற்கு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. பல வாரங்களாக ஒரு வரிகூட எழுதாமல் மேஜையைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். மேஜை பளபளவென்று இருந்தது, நான்தான் மங்கிப்போயிருந்தேன்.

"வந்து பார்க்கறேன். பிடிச்சா எழுதறேன், இல்லன்னா டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பறேன். எழுதினாலும் என் இஷ்டத்துக்குத்தான் எழுதுவேன்" என்றேன்.

"தாராளமா மேடம்" என்றார். அந்தத் தாராளத்துக்காக அவர் பிற்பாடு நிறைய வருத்தப்பட்டார்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"நேர்மை, தரம், நம்பிக்கை ஆகிய மூன்று தூண்களின் மேல் எழுந்து நிற்கும் இந்நிறுவனம்—"

வேண்டாம். தூண் என்று எழுதும்போதே கொட்டாவி வருகிறது. இந்த மூன்று சொற்களும் எல்லா வரவேற்பறைச் சுவர்களிலும் இருக்கின்றன. என் சலவை இயந்திரத்தைப் பழுதுபார்க்கிறேன் என்று தூக்கிக்கொண்டு போய், சத்தம் மட்டும் கூடுதலாக வரும்படி திருப்பித் தந்தார்களே, அந்தக் கடையின் சுவரிலும் இருந்தன. தங்க நிறத்தில், விளக்கு வேறு போட்டு.

இரண்டாம் முயற்சி:

"அடைமழை பெய்த ஒரு மாலையில் அந்த லிஃப்ட்—"

மழையெல்லாம் பெய்யவில்லை. நல்ல வெயில்.

மூன்றாவதுதான் நிற்கிறது. (லிஃப்டைப் பற்றிய கதையில் 'நிற்கிறது' என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும்.) ஆகவே இங்கிருந்து கதை:

அந்த நிறுவனத்தின் சுவரில் எதுவுமே எழுதியிருக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் பட்டறைதான். கழற்றிய கதவு ஒன்று சாய்ந்து நின்றது. மோட்டார் ஒன்று வயிறு திறந்து கிடந்தது. தட்டு நிறைய பொத்தான்கள், எல்லாம் தரைத்தளம், எண் தேய்ந்து போனவை. எல்லோரும் அந்தப் பொத்தானைத்தான் அதிகம் அழுத்துகிறார்களாம். நடுவில் ஒரு பெண்மணி கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, யாரையோ திட்டியபடி கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். இவர்தான் அக்கா, முதலாளி. எனக்குப் போன் செய்தவர் அவருடைய தம்பி. கணக்கும் வியாபாரமும் அவர் பொறுப்பு. அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும், வயதில் மூத்தவர்களுக்கும்கூட, அவர் அக்காதான், இவர் தம்பிதான். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

"உங்க கொள்கை என்னன்னு எங்கேயும் எழுதி வைக்கலையா?" என்று கேட்டேன்.

"எழுதியிருக்கோமே" என்றார் அக்கா, கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கெட்டுப்போன லிஃப்ட்ல போய்ப் பாருங்க."

3

லிஃப்ட் நின்றுபோனால் வாசலில் ஒரு பலகை தொங்குமே, பார்த்திருப்பீர்கள். "பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்." பணி செய்ய ஓர் ஈ காக்கைகூட வந்திருக்காது. வருந்துவது யார் என்றும் தெரியாது.

அக்காவும் ஆரம்பத்தில் அதே பலகையைத்தான் மாட்டினார். ஒருநாள் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர் அதை மாட்டிக்கொண்டிருந்தபோது, இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக ஒரு பெண் வந்து நிதானமாகப் படித்தாள்.

"பராமரிப்புன்னா நல்ல விஷயம்தானே?"

"ஆமாங்க."

"அப்போ கெட்டுப்போகலையா?"

"கெட்டுத்தாங்க போயிருக்கு."

"அதை எழுத வேண்டியதுதானே. மேல் மாடி வரைக்கும் நடக்கப்போறது நான். எனக்காவது உண்மையைச் சொல்லலாம்ல?"

அக்கா பையை வாங்கிக்கொண்டு கூடவே படியேறினார். இறங்கி வந்ததும் பலகையைத் திருப்பி, பின்பக்கம் தடித்த பேனாவால் எழுதினார்: "இந்த லிஃப்ட் நின்றுவிட்டது. தவறு எங்களுடையது." கீழே நிறுவனத்தின் பெயர், இருப்பதிலேயே பெரிய எழுத்தில். அதற்கும் கீழே தொலைபேசி எண்.

அன்றைக்குத் தம்பி குதித்த குதி பட்டறையில் இன்றும் பேசப்படுகிறது.

"கெட்டுப்போன இடத்துல போய் யாராவது பேரைப் பெருசா போடுவாங்களாக்கா? ஓடுற லிஃப்ட்ல போடு."

"ஓடுற லிஃப்ட்ல யாருடா பேரைப் படிக்கிறா? எல்லாரும் கண்ணாடியில மூஞ்சியைத்தான் பார்க்கிறாங்க. நின்னாத்தான் யார்ரா இவன்னு தேடுவாங்க. தேடும்போது நாம அங்க இருக்கணும்."

இதில் அக்காவே எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மெக்கானிக்குகளுக்கு அந்தப் பலகையைக் கண்டாலே ஆகவில்லை. தங்கள் கம்பெனி பெயர் அப்படி ஊருக்கே தெரியத் தொங்கும்போது வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. பலகையைக் கழற்றுவதற்காகவே வேலையைச் சட்டென்று முடித்தார்கள். பிறகு, மாட்ட நேராமலே இருக்கட்டும் என்று முன்கூட்டியே பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார்கள். விலை கொடுக்காத கொள்கை வெறும் அலங்காரம்.

[முந்தைய வரியைத் தம்பி அடிக்கோடிட்டு, "இதை காலண்டர்ல போடலாம் மேடம்" என்று எழுதியனுப்பினார். அந்த நிமிடமே எனக்கு அந்த வரி பிடிக்காமல் போய்விட்டது. அடிக்கச் சோம்பலாக இருப்பதால் விட்டுவைத்திருக்கிறேன்.]

4

இப்போது எனக்கு ஒரு சங்கடம். அக்கா நல்லவராகவே வந்துகொண்டிருக்கிறார். இவ்வளவு நல்லவரை வைத்துக்கொண்டு கதை எழுத முடியாது, சிலைதான் வைக்க முடியும். எனவே தம்பியை வில்லனாக்கினேன். முதல் பிரதியில் அவருக்கு மெல்லிய மீசையும் கோணல் சிரிப்பும் கொடுத்திருந்தேன். படித்துவிட்டு உடனே கூப்பிட்டார்.

"என்ன மேடம், என்னை இப்படிப் போட்டுட்டீங்க?"

"பலகையிலேருந்து பேரை எடுக்கணும்னு சொன்னது நீங்கதானே?"

"சொன்னேன். இல்லன்னு சொல்லல. ஆனா மாசக் கடைசியில எல்லாருக்கும் சம்பளம் போடறது யாரு? அக்காவுக்குக் கொள்கை இருக்கு. அது உயிரோட இருக்கணும்னா பயப்படறதுக்கு ஒரு ஆள் வேணும்ல. அந்த வேலையை நான் பார்க்கறேன்."

பயப்படுவதை ஒரு வேலையாகச் செய்கிறவரை நான் அதுவரை சந்தித்ததில்லை. மீசையை எடுத்துவிட்டேன்.

அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. அவர்களுடைய வருமானத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு மருத்துவமனையிலிருந்து வந்தது. அதன் பழைய கட்டட லிஃப்டுகள் அக்காவின் கையில் இருந்தன. புதுக் கட்டடத்தின் லிஃப்டுகள் ஒரு பெரிய கம்பெனியின் கையில். இனி எல்லா லிஃப்டுகளையும் ஒரே நிறுவனத்திடம் தரப்போவதாக மருத்துவமனை அறிவித்திருந்தது. கிடைக்காவிட்டால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். "வித்துடுங்க, பாதிப் பேரை நாங்களே வச்சுக்கறோம்" என்று அந்தப் பெரிய கம்பெனி ஏற்கெனவே ஆள் அனுப்பியிருந்தது. மீதிப் பாதியைப் பற்றித்தான் தம்பிக்குத் தூக்கம் போயிருந்தது.

5

[இந்தப் பகுதி நின்றுவிட்டது. தவறு என்னுடையது.

இங்கே அக்காவின் சின்ன வயதைப் பற்றி உருக்கமான காட்சி ஒன்று இருந்தது. அக்கா படித்துவிட்டு, "நல்லாயிருக்கு, ஆனா யாரு இது?" என்று கேட்டார். வாசகர்கள் தயவுசெய்து படியேறி ஆறாம் பகுதிக்குச் செல்லவும்.]

6

இனி வருவது கற்பனை என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் முதலில் நம்பவில்லை.

அக்காவின் மெக்கானிக்குகளில் ஒருவருக்குப் 'பொறுமை' என்று பெயர் விழுந்திருந்தது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே நின்று, "பொறுமை, பொறுமை, இதோ ஆச்சு" என்று குரல் கொடுப்பார். அவருக்கு அது மருந்துக்கும் கிடையாது என்பது வேறு விஷயம்.

அந்தப் பலகை வாசகம் இதற்குள் எல்லோர் நாக்கிலும் ஏறி உட்கார்ந்திருந்தது. பில் தப்பாகப் போனால், போன் எடுக்கும் பெண் எடுத்த எடுப்பிலேயே "தவறு எங்களுடையதுங்க" என்பாள். பொறுமைக்கு வீட்டிலும் அதே பழக்கம். மனைவி முறைத்தால் போதும், என்ன ஏது என்று கேட்காமலே சொல்லிவிடுவார். "எதுக்குன்னு கேட்டுட்டாவது சொல்லுங்களேன்" என்று அந்த அம்மா என்னிடமே அலுத்துக்கொண்டார்.

லிஃப்டுகளை யாரிடம் தருவது என்று முடிவுசெய்ய மருத்துவமனைக் குழு கூடுவதற்குச் சில நாள் முன்பு, பழைய கட்டடத்தில் வழக்கமான சர்வீஸுக்காகப் போயிருந்தார் பொறுமை. புதுக் கட்டடத்துப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. ஓடினார். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றிருந்தது. உள்ளே ஒரு நர்ஸும், சக்கர நாற்காலியில் ஒரு பெரியவரும். யார் லிஃப்ட், யார் பொறுப்பு என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. மேலே ஓடி மின்சாரத்தை நிறுத்தினார், லிஃப்ட் பெட்டியைக் கையாலேயே நகர்த்தித் தளத்துக்குக் கொண்டுவந்தார், கதவைத் திறந்தார். இருவரும் வெளியே வந்தார்கள். பெரியவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அத்தோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் கை பழக்கத்தில் பைக்குள் போயிற்று, பலகையை எடுத்தது, வாசலில் மாட்டியது.

"இந்த லிஃப்ட் நின்றுவிட்டது. தவறு எங்களுடையது." இருப்பதிலேயே பெரிய எழுத்தில் பெயர்.

பட்டறைக்கு வந்து டீயை வாயில் வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

7

அதற்குள் மருத்துவமனை நிர்வாகி தம்பிக்குப் போன் செய்துவிட்டார். "என்ன சார், புதுக் கட்டடத்துலயும் உங்க தப்புதானா?" தம்பி போனை வைத்துவிட்டுப் பட்டறைக்குள் வந்து நின்றார். கத்தவில்லை. அதுதான் எல்லோருக்கும் கிலியாக இருந்தது.

"செய்யாத தப்புக்கு நாமளே கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கோம்" என்றார்.

அக்கா முதலில் செய்தது சிரித்தது. விழுந்து விழுந்து சிரித்தார். (இதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதிவிட்டேன், நிஜமாகவே சிரித்ததால்.) கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இப்போ என்ன பண்ணலாம், சொல்லு" என்றார்.

"பொறுமையை அனுப்பி, சத்தமில்லாம கழட்டிட்டு வரச் சொல்லுவோம்."

"பார்த்தவங்க எல்லாரும் அது நம்ம தப்புன்னே நினைச்சிட்டு இருப்பாங்க. அது பொய்டா."

"அப்போ அந்தக் கம்பெனி தப்புன்னு எழுதி மாட்டு. எனக்குச் சந்தோஷம்தான்."

"அது ஏன் நின்னுச்சுன்னு பார்த்தியா நீ?"

"இல்ல."

"நானும் பார்க்கல. தெரியாததை எப்படி எழுதறது?"

"உண்மையைச் சொல்றேன் உண்மையைச் சொல்றேன்னு நம்மளை நடுத்தெருவுல நிறுத்தப்போறேக்கா" என்றார் தம்பி. பொறுமை மூலையில் நின்று, "தவறு..." என்று ஆரம்பித்தார். "நீ வாயை மூடு" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அக்கா ஒரு வெற்றுப் பலகையை எடுத்தார். நமக்கு நிச்சயமாக என்ன தெரியும், அதை மட்டும் எழுதுவோம் என்றார். எழுதி முடித்து, தானே எடுத்துக்கொண்டு போய், பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார்:

"இந்த லிஃப்ட் எங்களுடையது அல்ல. இது ஏன் நின்றது என்று எங்களுக்குத் தெரியாது. இங்கே எங்கள் பலகையை மாட்டியது மட்டும் எங்கள் தவறு."

கீழே பெயர். பெரிய எழுத்தில்.

மருத்துவமனையில் சிரிப்புச் சத்தம் கேட்பது அபூர்வம். அன்று அந்த லிஃப்ட் வாசலில் கேட்டது. நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் நின்று படித்தார்கள், படித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். போனில் படம் எடுத்தார்கள். படம் ஊரெல்லாம் சுற்றியது. பெரிய கம்பெனி ஆட்கள் வந்து லிஃப்டைச் சரிசெய்துவிட்டுப் பலகையைக் கழற்றியபோது, "அதை விட்டுட்டுப் போங்களேன், நல்லா இருந்துச்சு" என்று ஒரு நர்ஸ் சொன்னாராம். பட்டறையில் போன் ஓயவில்லை. ஒரு குடியிருப்புச் செயலாளர், "எங்க லிஃப்ட் நல்லாத்தாங்க ஓடுது, இருந்தாலும் உங்க கம்பெனிக்கு மாறணும், என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

ஆனால் மருத்துவமனையிலிருந்து மட்டும் ஒரு வார்த்தையும் இல்லை. கூட்டத்துக்கு வாருங்கள் என்ற அழைப்பைத் தவிர.

8

கூட்டத்துக்குத் தம்பிதான் போனார். "நீயே போ. நான் போனா சண்டை போட்டுட்டு வந்துடுவேன்" என்று அக்கா சொல்லிவிட்டார். தம்பி நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, திரையில் காட்ட வண்ண வண்ணப் படங்களைத் தயார்செய்துகொண்டு போனார். கடைசிப் படத்தில் "இனி ஒருபோதும் நிற்காது" என்று எழுதியிருந்தது. அக்காவிடம் அதைக் காட்டவில்லை.

குழுவின் தலைவி மருத்துவமனையின் தலைமை மருத்துவர், அறுவை சிகிச்சை நிபுணர். படம் எதையும் போட விடவில்லை. இரு நிறுவனங்களிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்லா லிஃப்டையும் உங்ககிட்டக் குடுத்தா, அடுத்த வருஷம் எத்தனை தடவை நிக்கும்?"

பெரிய கம்பெனிக்காரர் புன்னகைத்தார். "ஒரு தடவைகூட நிக்காது டாக்டர். நான் கேரன்ட்டி."

தலைமை மருத்துவர் தம்பியின் பக்கம் திரும்பினார்.

இந்த இடத்தை நான் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன்.

"தம்பியின் மனக்கண்ணில் அக்காவின் முகம் தோன்றியது, உடனே அவர்—" தோன்றவில்லையாம், கேட்டேன். வியர்வைதான் தோன்றியதாம்.

"நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வாய்மையே—" அடச்சே.

"எங்களுடையதும் நிற்காது, என்று தம்பி—" இப்படி முடித்தால் கதை இன்னும் யதார்த்தமாக இருக்கும் என்று என் கணவர் சொன்னார். எதிலும் தோல்வி இருந்தால்தான் இலக்கியம் என்பது அவர் கட்சி. இருக்கட்டும். ஆனால் அன்று நடந்தது வேறு. தம்பி சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டதை அப்படியே தருகிறேன்.

"நிக்காதுன்னு சொல்லத்தான் மேடம் வாயைத் திறந்தேன். சத்தியமா. கடைசிப் படத்துலயே அதைத்தான் போட்டு வச்சிருந்தேன். ஆனா வாய் வேற ஒண்ணைச் சொல்லிடுச்சு."

வாய் சொன்னது இது:

"நிக்கும் டாக்டர். மெஷின்தானே, நிக்கத்தான் செய்யும். எத்தனை தடவைன்னு எனக்குத் தெரியாது. போன வருஷத்தைவிடக் குறைவா நிக்கும், அதுக்காக எங்க ஆளுங்க உயிரைக் குடுப்பாங்க. ஆனா நின்னா, யார் தப்புன்னு நீங்க தேட வேண்டியிருக்காது. எங்க பேரு அங்கேயே தொங்கும்."

சொல்லி முடித்ததும், போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாராம். பட்டறையில் ஒவ்வொருவர் முகமாகக் கண் முன்னால் வந்ததாம். (முகம் அப்போதுதான் தோன்றியிருக்கிறது, பாருங்கள். நான் ஒரு வரி முன்னாலேயே எழுதியதுதான் தப்பு.)

தலைமை மருத்துவர் மேஜையில் இருந்த பேனாவை மூடி வைத்தார். "ஒவ்வொரு ஆபரேஷனுக்கு முன்னாடியும் நான் நோயாளிகிட்ட என்னவெல்லாம் தப்பாகலாம்னு சொல்லிட்டுத்தான் கத்தியை எடுக்கறேன். ஒண்ணுமே ஆகாதுன்னு சொல்ற டாக்டர்கிட்ட எங்க அம்மாவை நான் அனுப்ப மாட்டேன்." மற்ற உறுப்பினர்களைப் பார்த்தார். ஒருவரும் மறுக்கவில்லை. "எல்லா லிஃப்டும் இவங்களுக்கே."

பெருமையாக இருக்கிறது, சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. எழுதும்போது நான் எழுந்து அறைக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். சுவரில் ஒரு சொல்லும் எழுதாத ஒரு சின்னப் பட்டறை ஜெயித்திருக்கிறது. ஒரு ஆள்கூட வேலை இழந்து வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

9

முடிவு பாக்கி.

தம்பி கூட்ட அறையிலிருந்து வெளியே வந்து, நடைபாதையில் சுவரோரமாக நின்று, அக்காவுக்குப் போன் செய்தார். பட்டறையில் எல்லோரும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு அக்காவைச் சுற்றி நின்றார்கள். அந்தப் பேச்சைத்தான் முடிவாக வைக்கப்போகிறேன்.

"தவறு என்னுடையது அக்கா" என்று தம்பி சொன்னதாக முடிக்கலாம். கைதட்டு விழும். ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாததை அவர் வாயில் திணிக்க மாட்டேன்.

"கிடைச்சிடுச்சு" என்று சொல்லியிருக்கலாம். அதுவும் இல்லையாம்.

சரி, என்னதான் நடந்தது என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன்.

அக்கா சொன்னார்: "அவன் எங்க பேசினான்? 'அக்கா'ன்னான். அதுக்கப்புறம் ஒரே அழுகை. எனக்கு அதுலேயே புரிஞ்சிடுச்சு. நான்தான், டேய், நடைபாதையில நின்னுட்டு என்னடா இது, யாராவது பார்க்கப் போறாங்கன்னு சமாதானம் சொன்னேன்."

தம்பி சொன்னார்: "நானா அழுதேன்? நல்லாயிருக்கு கதை. 'அக்கா'ன்னேன். என் குரலைக் கேட்டதும் அவ அழ ஆரம்பிச்சவதான், நிறுத்தவே இல்ல. என்னைப் பேசவே விடல மேடம்."

பொறுமையிடம் கேட்டேன். "எதுக்கு மேடம் என்னை இதுல மாட்டி விடறீங்க?" என்றார்.

ஊருக்கே உண்மையைப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டுகிற குடும்பம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரில் ஒருவர் கூசாமல் பொய் சொல்கிறார். யாரென்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு போன் போதும். போட மாட்டேன். உங்களுக்கு ஒரு அக்காவோ தம்பியோ இருந்தால் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு பேருமே அழுதார்கள் என்று நீங்கள் எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை.